புதிய காமிக்ஸ்: மாத இதழா, தொகுப்பா, தமிழ்ப் பதிப்பா, திரையா?

காமிக்ஸில் புதிதாக என்ன வந்திருக்கிறது, எதை வாங்கலாம் என்று கேட்பவரிடம் தலைப்பை மட்டும் சொல்லி அனுப்பினால் அது பாதிப் பதில்தான். ஒரே கதை சிங்கப்பூரில் பல வழிகளில் கைக்கு வருகிறது. அமெரிக்காவிலிருந்து வரும் மாத இதழாக வரலாம். ஐந்தாறு இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பாக வரலாம். கைக்கணினித் திரையில் விரியலாம். தேசிய நூலக வாரியத்தின் கிளை ஒன்றிலிருந்து இரவலாகவும் கிடைக்கலாம். தமிழ் வாசகருக்கு இன்னொரு வழியும் உண்டு: சிவகாசியில் அச்சாகி, அஞ்சலிலோ ஊருக்குப் போய்வருபவரின் பெட்டியிலோ வந்து சேரும் தமிழ்ப் பதிப்பு. எந்தக் கதை சிறந்தது என்பதில் ரசிகர்களுக்குள் சண்டை ஓயவே ஓயாது. எந்தக் கதையை எந்த வடிவில் வாங்குவது என்பதில் ஓரளவு உறுதியான முடிவுக்கு வர முடியும் என்பதால் இந்த ஒப்பீட்டை அதற்குள்ளேயே நிறுத்திக்கொள்கிறேன்.

மாதம் ஏறக்குறைய 60 வெள்ளி செலவிடக்கூடியவர், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒற்றைப் புத்தக அலமாரிக்குமேல் இடமில்லாதவர், தமிழும் ஆங்கிலமும் தடையின்றி வாசிப்பவர். இப்படி ஒருவரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். விலை, வாசிப்புச் சுகம், புத்தகம் தாங்கும் காலம் ஆகியவற்றை எல்லாரும் பார்ப்பார்கள். அவற்றுக்கு முன்னால் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இன்று வாங்காமல் விட்டால் இரண்டு ஆண்டு கழித்து இது கிடைக்குமா? என் பரிந்துரைகள் பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் மாத இதழ். மார்வெல், டிசி ஆகிய இரு பெரிய பதிப்பகங்களின் இதழ் ஒன்றில் கதைக்கென்று பெரும்பாலும் 20 முதல் 22 பக்கங்கள் இருக்கும். அட்டை விலை 3.99 அல்லது 4.99 அமெரிக்க டாலர். அதை வெள்ளிக்கு மாற்றி, கொண்டுவரும் செலவையும் 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியையும் சேர்த்தால், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் வாசிப்புக்கு உணவங்காடிச் சாப்பாட்டைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. 4.99 டாலர் விலையுள்ள ஆறு இதழ்களுக்கு 30 டாலர் ஆகிறது. அதே ஆறு இதழ்களைச் சில மாதங்கள் கழித்து ஒரே தொகுப்பாக 20 டாலருக்குள் வாங்கிவிடலாம். கணக்கை மட்டும் பார்த்தால் பேச்சு இங்கேயே முடிந்துவிடும்.

ஆனாலும் மாத இதழுக்கென்று எழுதப்படும் கதை என்று ஒன்று இருக்கிறது. 2024 ஜனவரியில் ஜோனதன் ஹிக்மன் எழுத்தில், மார்கோ கெக்கெட்டோ ஓவியத்தில் தொடங்கிய அல்டிமேட் ஸ்பைடர்மேன் தொடரை எடுத்துக்கொள்வோம். மணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகே பீட்டர் பார்க்கருக்குச் சிலந்தியின் ஆற்றல் கிடைக்கிறது. ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் இடையில் கதைக்குள்ளும் ஒரு மாதம் ஓடிவிடுகிறது. நாம் காத்திருந்த அதே நாள்களில் அந்தக் குடும்பமும் ஏதோ வாழ்ந்திருக்கிறது என்ற உணர்வோடு அடுத்த இதழைப் பிரிக்கிறோம். தொகுப்பில் படிப்பவர் பக்கத்தைப் புரட்டியவுடனேயே அந்த ஒரு மாதத்தைக் கடந்துவிடுகிறார். கதையில் ஒன்றும் குறைவதில்லை; காத்திருப்பு தந்த கனம் மட்டும் இல்லாமல் போகிறது. இதற்கு மாறாக, 2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடரும் நிக் டிராகோட்டாவும் தொடங்கிய அப்சொலூட் பேட்மேன் தொகுப்பாகப் படிக்கவே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. செல்வம் இல்லாத, மலைபோன்ற உடற்கட்டுள்ள புரூஸ் வெய்னின் கதை அது. டிராகோட்டாவின் பெரிய பெரிய கட்டங்கள் ஒரே மூச்சில் ஓடும்படி அமைந்திருப்பதால் மாதம் ஒரு வாய் என்று ஊட்டினால் பசி தீருவதில்லை.

மாத இதழ் விற்கப்படும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கடையில் கேட்ட இதழ் ஏன் இல்லை என்பதற்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபில் சூலிங் என்பவர் தொடங்கிவைத்த நேரடி விற்பனை முறையில், கடைக்காரருக்குக் கூடுதல் விலைக்கழிவு உண்டு. விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்பும் உரிமை கிடையாது. ஆகவே கடைக்காரர் வெளியீட்டு நாளுக்குச் சில வாரங்கள் முன்பே எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும். எஞ்சிய பிரதிகள் அவர் தலையில்தான் விடியும். அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், சரக்குக் கட்டணமும் சேரும் சிங்கப்பூரில் கடைக்காரர் முன்பதிவு செய்தவர்களுக்கு வேண்டியதோடு ஒன்றிரண்டைக் கூட்டி வரவழைப்பதுதான் இயல்பு. போதாக்குறைக்குப் பல ஆண்டுகளாக இந்த வணிகத்தின் முதுகெலும்பாக இருந்த டயமண்ட் விநியோக நிறுவனத்திலிருந்து 2020இல் டிசி விலகியது. 2021இல் மார்வெலும் வேறு இடத்துக்குப் போனது. 2025 ஜனவரியில் டயமண்ட் நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்துக்குச் சென்றது. முன்பு ஒரே இடத்திலிருந்து வந்த சரக்கு இப்போது பல வழிகளில் பிரிந்து வருவதால், குறிப்பிட்ட இதழ் வேண்டுமென்றால் கடையில் பெயரைக் கொடுத்துவைப்பதே ஒரே வழி.

அந்த முன்பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. புதிய தொடர் நீடிக்குமா என்பது அதன் முதல் சில இதழ்களுக்கு வரும் கடை ஆணைகளை வைத்தே பெரும்பாலும் தீர்மானிக்கப்படுகிறது. எல்லாரும் தொகுப்புக்காகக் காத்திருந்தால் தொகுப்பே வராமல் போகலாம். பெரிய நாயகர்களின் தொடர்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். படைப்பாளிகளே உரிமை வைத்திருக்கும் சிறிய தொடர்களுக்கு நம் ஒரு பிரதியும் கணக்கில் சேரும். ஆகவே என் பரிந்துரை இது: மாத இதழாக ஒரே நேரத்தில் ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு தொடர்கள், அவற்றில் ஒன்றாவது புதிய படைப்பாளியுடையதாக இருக்கட்டும். ஒரே இதழுக்குப் பத்து அட்டைகள் வரைந்து விற்கும் வியாபாரத்தில் மட்டும் சிக்கிக்கொள்ள வேண்டாம். கதை ஒன்றுதான்.

இதழ்களைச் சேர்த்துவைப்பவருக்கு நம் தட்பவெப்பம் பகை. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், மாத இதழின் முதுகைப் பிடித்திருக்கும் இரண்டு கம்பிகளும் சில ஆண்டுகளில் துருவேறி, நடுப்பக்கத்தின் மடிப்பில் பழுப்புப் புள்ளிகளாக இறங்கிவிடும். பாலிபுரோப்பிலீன் உறை, அமிலமற்ற அட்டை, பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் என்று பாதுகாப்புச் செலவும் இதழின் விலையோடு சேர்கிறது.

தொகுப்பு நூல் இந்தத் தொல்லைகளில் பாதியை நீக்குகிறது. முதுகில் பெயர் தெரியும்படி அலமாரியில் நிற்கும். நீ ஆன் சிட்டியில் உள்ள கினோகுனியாவில் புரட்டிப் பார்த்து வாங்கலாம். பொறுமை இருந்தால் பிராஸ் பாசா கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகளில் பாதி விலைக்கும் அகப்படலாம். அதற்கென்று உள்ள குறை கட்டுமானத்தில் இருக்கிறது. பசை வைத்து ஒட்டிய மெல்லட்டைத் தொகுப்பு முழுதாக விரிந்து கொடுக்காது. ஓவியர் இரண்டு பக்கங்களையும் இணைத்து ஒரே காட்சியாக வரைந்திருந்தால், நட்ட நடுவில் நிற்கும் முகத்தில் ஒரு கண்ணும் மூக்கின் பாதியும் மடிப்புக்குள் போய்விடும். அழுத்திப் பிரித்தால் பசை விட்டுப் பக்கம் கழன்றுவிடும். இரட்டைப் பக்கங்களை அதிகம் வரையும் ஓவியர் என்றால், நூலால் தைத்துக் கட்டிய கெட்டியட்டைப் பதிப்பு வரும்வரை பொறுத்திருக்கலாம். விலை இரு மடங்கானாலும் மேசையில் தட்டையாக விரியும்.

இனி, இந்த ஊர்த் தமிழ் வாசகர்கள் பலர் மறந்தே போனதும் சிலர் உயிராக வைத்திருப்பதுமான தமிழ்ப் பதிப்புக்கு வருகிறேன். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984இல் மாடஸ்டி பிளைஸியின் சாகசத்தோடு லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்களில் ஆரம்பித்த இந்த இரு பெயர்களும் இன்று பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி நாடுகளின் படைப்புகளை உரிமை பெற்றுத் தமிழில் தருகின்றன. லக்கி லூக், தோர்கல், லார்கோ வின்ச், கேப்டன் டைகர் என்று பெயர் மாறி வந்த புளூபெர்ரி, ரசிகர் கூட்டம் 'தல' என்றே கூப்பிடும் டெக்ஸ் வில்லர் என்று நீளும் வரிசையைப் பார்த்தால், ஆங்கிலம் மட்டும் வாசிக்கும் சிங்கப்பூர் ரசிகருக்கு இவர்களில் பலரை அறிமுகப்படுத்தவே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

இந்தப் பதிப்புகளைத் தரம் பிரித்தே பரிந்துரைக்க வேண்டும். 1948இல் இத்தாலியில் ஜியான் லூயிஜி போனெல்லியும் ஓவியர் அவுரேலியோ கலெப்பினியும் படைத்த டெக்ஸ், அங்கே மாதந்தோறும் 110 பக்கங்களுடன் கறுப்பு வெள்ளையில்தான் வருகிறார். ஆகவே தமிழில் கறுப்பு வெள்ளை டெக்ஸ் வாங்குபவருக்கு நட்டம் எதுவும் இல்லை. மையின் அடர்த்தியும் நிழலும் அந்த ஓவியர்கள் நினைத்தபடியே வந்து சேர்கின்றன. தோர்கலின் பனிவெளியும் டைகரின் பாலைவனமும் அப்படியல்ல. அவற்றில் நிறமே பாதிக் கதையைச் சொல்வதால், 2012ஐ ஒட்டி வழுவழுப்பான தாளில் வண்ணத்தில் வரத் தொடங்கிய பிற்காலப் பதிப்புகளைத்தான் வாங்க வேண்டும். பழைய சாணித்தாள் பதிப்புகளின்மேல் எனக்கும் பாசம் உண்டு என்றாலும் புதிதாக வருபவருக்கு அவற்றைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆல்பம் எனப்படும் பிரெஞ்சுக் காமிக்ஸ் புத்தகத்தின் பக்கம் ஏறக்குறைய 22க்கு 29 சென்டிமீட்டர். அதில் வசனக் கூண்டுகள் பிரெஞ்சு எழுத்துக்கு அளவெடுத்து வரையப்பட்டவை. பக்கத்தைச் சிறிதாக்கி, அதே கூண்டுக்குள் கொம்பும் சுழியும் காலும் கொண்ட தமிழெழுத்தை நிரப்பும்போது, மூலத்தில் மூன்று வரியாக இருந்தது ஐந்து வரியாகி, கடைசி வரி கூண்டின் விளிம்பை இடித்துக்கொண்டு நிற்கும். நாற்பதைக் கடந்த கண்ணுக்கு, அதிலும் வேலை முடிந்து ரயிலில் நின்றபடி படிப்பவருக்கு, இது சிறிய தொல்லை இல்லை. வசனம் நிறைந்த அரசியல் சதிக் கதைகளில் இந்த நெருக்கம் அதிகம் தெரியும். லக்கி லூக் போன்ற நகைச்சுவைக் கதைகளில் அவ்வளவாகத் தெரியாது. வழுவழுப்பான தாளுக்கும் நம் ஈரக்காற்று ஆகாது. இறுக்கி அடுக்கிய புத்தகங்களின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கையில் மை உரியும். அலமாரியில் விரல் நுழையும் இடைவெளி விட்டு நிற்க வைப்பது நல்லது.

இவ்வளவு குறை சொல்லியும் என் வரிசையில் தமிழ்ப் பதிப்பு முதலிடத்தில் நிற்பதற்குக் காரணம், முதலில் எழுப்பிய கேள்விதான். ழான் வான் ஹாமும் வில்லியம் வான்ஸும் 1984இல் தொடங்கிய நெடுங்கதை ஒன்று, நினைவிழந்து கரையொதுங்கியவனின் உடலில் பச்சை குத்தியிருக்கும் பதிமூன்று (XIII) என்ற ரோமன் எண்ணைப் பின்தொடர்கிறது. தமிழில் அது 'இரத்தப் படலம்'. இங்கிலாந்தின் சினிபுக் பதிப்பகம் அதை ஆங்கிலத்தில் பாகம் பாகமாக வெளியிட்டிருக்கிறது. இன்று வாங்கத் தவறினாலும் பிறகு கடையில் சொல்லி வரவழைக்கப் பெரும்பாலும் வாய்ப்பு இருக்கிறது. தமிழிலோ 2010இல் 18 பாகங்களும் ஒரே தடித்த கறுப்பு வெள்ளைப் புத்தகமாக வந்தன; பிறகு வண்ணத்திலும் வந்தன. இரண்டும் தீர்ந்தபின் கையில் வைத்திருப்பவர் சொல்வதே விலையாகிவிட்டது. சிறிய அச்சு எண்ணிக்கையில், மறுபதிப்புக்கு உறுதியில்லாமல் வரும் புத்தகத்தை 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்க முடியாது. அமெரிக்கத் தொகுப்பைத் தள்ளிவைக்கலாம். விலை குறையவும் வாய்ப்பு உண்டு.

சிவகாசியிலிருந்து சிங்கப்பூருக்கு வரவழைப்பதில் அஞ்சல் செலவுதான் இடிக்கிறது. மெல்லிய ஒரு புத்தகத்தைத் தனியாக வரவழைத்தால் அதன் விலையைவிட அஞ்சல் கட்டணம் கூடுதலாகிவிடும். ஊரில் உறவினர் முகவரிக்கு ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ போகும்போது மொத்தமாகக் கொண்டுவருவதே இங்குள்ள ரசிகர்கள் பலர் கையாளும் வழி. சந்தா முடிந்தபின் உதிரியாகத் தேடுபவர் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கோ ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கோ போய்வரும் நண்பரிடம் பட்டியல் கொடுத்து அனுப்பலாம். பெட்டியின் எடையைப் பார்த்து அவர் முகம் சுளிக்காத அளவுக்குக் கேட்பது மரியாதை. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஸ்கேன் செய்த கோப்புகள் இலவசம்தானே என்று கேட்பவர்களும் உண்டு. சந்தாக்காரர்களை நம்பியே அடுத்த ஆண்டுக்கான அட்டவணை போடும் ஒரு முயற்சியின் அடிமடியில் கைவைக்கும் செயல் அது என்பதால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை.

உள்ளூர் வரைகதைகளையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். சோனி லியூவின் சார்லி சான் ஹாக் சாய் பற்றிய நூலை எப்பிகிராம் பதிப்பகம் 2015இல் வெளியிட்டபோது, தேசியக் கலைகள் மன்றம் வழங்கியிருந்த 8,000 வெள்ளி மானியத்தை மீட்டுக்கொண்டது. அந்தச் செய்தி பரவியதும் புத்தகம் வேகமாக விற்றது. 2016இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசையும் 2017இல் அமெரிக்கக் காமிக்ஸ் துறையின் ஐஸ்னர் விருதுகள் மூன்றையும் பெற்றது. சார்லி சான் என்ற கற்பனை ஓவியரின் வாழ்க்கையைச் சொல்லும் சாக்கில் இந்தத் தீவின் அரசியல் வரலாற்றையும் உலகக் காமிக்ஸின் பல பாணிகளையும் அது ஒன்றாகக் கோத்திருக்கிறது. பழுத்த தாள், மங்கிய அச்சு, கைப்பட எழுதிய குறிப்பு என்று பக்கங்களே பழைய ஆவணங்கள்போல் நடிப்பதால் இதைத் திரையில் படித்தால் பாதி நாடகம் போய்விடும். அச்சில், சொந்தமாக வாங்குங்கள்.

திரையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜப்பானியக் காமிக்ஸான மாங்காவுக்கு அது மிகப் பொருத்தம். ஒன் பீஸ் போன்ற தொடர் 2021இலேயே நூறாவது தொகுதியைத் தொட்டுவிட்ட நிலையில், அதை அச்சில் சேர்ப்பவர் அலமாரியோடு அறையையும் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஷுயேஷா நிறுவனம் 2019இல் தொடங்கிய மாங்கா பிளஸ் செயலியில் பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களையும் அண்மைய அத்தியாயங்களையும் இலவசமாகப் படித்துப் பார்த்து, பிறகு முடிவெடுக்கலாம். அமெரிக்க இதழின் பக்கம் 11 அங்குலத் திரையில் ஏறக்குறைய அடங்கிவிடுகிறது. பிரெஞ்சு ஆல்பம் அடங்குவதில்லை. காசு கொடுத்தாலும் நாம் பெறுவது வாசிக்கும் அனுமதியை மட்டுமே. காமிக்ஸ் படிப்பதற்கென்றே இருந்த காமிக்ஸாலஜி செயலியை அமேசான் 2023 டிசம்பரில் தன் மின்னூல் செயலியான கிண்டிலுக்குள் கரைத்தபோது, பழகிய வாசிப்பு முறை ஒரே நாளில் மாறிப்போனதை அதன் பயனர்கள் கண்டார்கள்.

நூலகம் இந்த ஊரின் பெரிய கொடை. ஒரே நேரத்தில் 16 நூல்கள், 21 நாள்கள் என்ற கணக்கில், காமிக்ஸுக்குரிய 741.5 என்ற எண் ஒட்டிய அடுக்கிலிருந்து அள்ளிக்கொண்டு வரலாம். எந்தக் கிளையிலும் திருப்பித் தரலாம். முதல் பாகமும் மூன்றாம் பாகமும் இங்கே இருக்க, இரண்டாம் பாகம் தீவின் மறுகோடியில் உள்ள கிளையில் இருப்பது வாடிக்கை. சிறு கட்டணம் கட்டிப் பதிவுசெய்தால் அது நம் கிளைக்கு வந்துவிடும். மார்வெல், டிசி தொகுப்புகளை நான் யாருக்கும் நேரடியாக வாங்கச் சொல்வதில்லை. முதலில் இரவல் எடுத்துப் படியுங்கள். மறுமுறை படிக்கத் தோன்றினால் மட்டும் வாங்குங்கள். மிகவும் புதிய நூல்கள் நூலகத்துக்கு வந்துசேரச் சில மாதங்கள் ஆகும். அந்தத் தாமதம்கூட ஆரவாரம் அடங்கியபின் கதையை நிதானமாக எடைபோட உதவுகிறது.

ஆகவே அந்த 60 வெள்ளியை நான் பங்கிடுவதாக இருந்தால், பாதிக்குச் சற்று மேலாகத் தமிழ்ச் சந்தாவுக்கென்று எடுத்துவைத்துவிடுவேன்; மாத இதழ் ஒன்றிரண்டுக்கு 15 வெள்ளி; மீதியைச் சேர்த்துவைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உள்ளூர் வரைகதையோ தைத்த கட்டுள்ள தொகுப்போ ஒன்று. மாங்கா திரையில், நாயகர் தொகுப்புகள் நூலகத்தில். ஆங்கிலமே விரைவாக ஓடும் இளைஞருக்குச் சந்தாப் பங்கை முழுவதும் திணிக்க மாட்டேன். டெக்ஸ் ஒன்று, லக்கி லூக் ஒன்று என்று உதிரியாகக் கொடுத்துப் பார்ப்பேன்.

பிள்ளையின் தமிழ் வாசிப்புக்காகக் கேட்கும் பெற்றோருக்கு மட்டும் விடை வேறு. அவர்களுக்கு லக்கி லூக்கையே முதலில் சொல்வேன். கூண்டுகளில் வசனம் குறைவு, படமே பொருளை உணர்த்திவிடும், தொடக்கநிலை நான்கில் இருக்கும் பிள்ளை அகராதியின்றி நகரலாம். 1983 முதல் நாயகன் வாயில் சிகரெட்டுக்குப் பதிலாகப் புல்லைச் செருகிவிட்டார் ஓவியர் மோரிஸ். அதற்கு முந்தைய கதைகளில் புகை உண்டு என்பதால் அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். டெக்ஸில் துப்பாக்கிச் சூடும் பிணங்களும் தாராளம். அது உயர்நிலைப் பள்ளிக்குப் போனபிறகு.